சிற்பத்தில் ஒரு கீறலும் விழாமல் மாமல்லபுரம், காஞ்சிபுரம் சுற்றிக்காட்டுவது எப்படி

ஐந்து ரதங்களுக்கு நடுவே நிற்கும் கல் யானை மீது பிள்ளையை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுக்கிற அப்பாவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குகை மண்டபத்தின் நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற குடும்பத்திடமும் இல்லை. சிற்பங்களுக்கு அன்றாடம் நேரும் சேதம் பெரும்பாலும் வெயில், பசி, சலிப்பு, சும்மா இருக்கும் கை ஆகிய நான்கிலிருந்துதான் பிறக்கிறது. இந்த நான்கையும் சென்னையை விட்டுப் புறப்படும் முன்பே கவனித்துவிட்டால், அங்கே போய் யாரையும் அதட்ட வேண்டிய அவசியம் வராது. பள்ளிச் சுற்றுலா, குடியிருப்போர் சங்கப் பயணம், ஊரிலிருந்து வந்த உறவினர் கூட்டம் என எதற்கும் இந்த முறை பொருந்தும். கணக்குகள் 40 பேர் போகும் ஒரு பஸ்ஸுக்கு.

நாளும் நேரமும்

காணும் பொங்கல் அன்று போகவே போகாதீர்கள். தொடர் விடுமுறை ஞாயிறுகளும் அப்படித்தான். நெரிசலில் ஒதுங்க இடமில்லாதவர்கள் சிற்பத்தின் மீதுதான் சாய்வார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்த மறுநாளையும் தவிருங்கள். ஈரப் பாறை வழுக்கும். வழுக்கும்போது கை தானாக அருகிலிருக்கும் தூணையோ சிங்கத்தின் காதையோ பிடிக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வரும் வேலைநாள்தான் நல்ல நாள்.

காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். திருவான்மியூரிலிருந்து 5.30-க்குக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 7 மணிக்குள் போய்ச் சேரலாம். முதலில் கடற்கரைக் கோயில், அடுத்து ஐந்து ரதங்கள், 9.30-க்கு மேல் மலைப்பக்கம் அர்ச்சுனன் தபசும் குகை மண்டபங்களும். இந்த வரிசைக்குக் காரணம் நிழல்தான். முதல் இரண்டு இடங்களிலும் நிழல் மிகக் குறைவு. அங்கே 11 மணிக்குப் போனால் பிள்ளைகள் ரதத்தின் உள்மாடத்துக்குள் நுழைந்து உட்காருவார்கள். உட்கார்ந்தவர்கள் முதுகைச் சாய்ப்பார்கள், பையைச் சுவரில் உரசுவார்கள், பிறகு பிஸ்கட்டைப் பிரிப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில் மரநிழல் உள்ள மலைப்பக்கம் இருந்தால் இந்தச் சங்கிலியே தொடங்காது.

கடலில் கால் நனைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும். முதலில் கடலில் இறங்கிவிட்டு, உப்புநீர் சொட்டும் உடையோடும் மணல் ஒட்டிய காலோடும் கோயிலுக்குள் வருவது கல்லுக்கு நேரடியான கேடு. ஏன் என்பது பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் உப்பு பூத்துப் பெயின்ட் பொருக்காக உதிர்வதைப் பார்த்தவர்கள் அவர்கள். கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த உப்பு காயும்போது படிகமாக உறைகிறது. உறையும்போது விரிந்து மேற்பரப்பை உள்ளிருந்து நெம்புகிறது. ராஜசிம்மன் எடுத்த கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இந்த உப்புக் காற்றிலும் மணல் வீச்சிலும் நிற்கிறது. சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருப்பது அதனால்தான். தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் காகிதக் கூழை நனைத்துச் சுவரில் அப்பி, அது காயும்போது உப்பை வெளியே உறிஞ்சி எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்யும் வேலை அது. வெளியிலிருந்து கெட்டியாகத் தெரியும் கல்லின் மேல்தோல் உள்ளே விட்டுப் போயிருக்கலாம். மதில்மேல் வரிசையாக இருக்கும் நந்திகளில் ஒருவர் ஏறி உட்கார்ந்து எழுந்தால், அவர் உடையோடு கொஞ்சம் கல்லும் வரும்.

பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியவை

ஜியோமெட்ரி பாக்ஸ் பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது. காம்பஸ், டிவைடர் இரண்டும் பெயர் கீறுவதற்கென்றே செய்தது போன்ற கருவிகள். பால்பாயின்ட், ஜெல், மார்க்கர், ஒயிட்னர் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு பென்சில், அட்டை வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கொண்டை ஊசி, சாவிக்கொத்து, சில்லறைக் காசு ஆகியவை பாக்கெட்டுக்குள் இருந்துவிட்டால் பரவாயில்லை, கையில் சுழலக் கூடாது. சூயிங் கம், பான், வெற்றிலை பாக்கு முழுத் தடை. வெற்றிலை எச்சில் கல்லின் துளைக்குள் இறங்கிவிடும். துடைத்தால் பரவுமே தவிரப் போகாது.

முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். முதுகில் மாட்டியவருக்குத் தன் பின்னால் என்ன உரசுகிறது என்று தெரியாது. மகிஷாசுரமர்த்தினி குகையில் பத்துப் பேர் ஒன்றாகத் திரும்பினால் பத்து ஜிப்பும் பக்கிளும் தூணிலும் சுவரிலும் படும். பெரிய பைகள் பஸ்ஸிலேயே இருக்கட்டும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. தலைக்கு ஒன்றரை லிட்டர் வரும். எல்லோரும் ஸ்டீல் பாட்டிலில் பிடித்துக்கொண்டால் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி எறியும் பேச்சே இல்லை. காலைச் சிற்றுண்டி 7 மணிக்கு முன் பஸ்ஸில், மதியச் சாப்பாடு 11.30-க்குப் பிறகு ஊருக்குள் ஓட்டலிலோ மண்டபத்திலோ. இடையில் பசித்தால் வாழைப்பழமும் கடலை உருண்டையும், அதுவும் வாயிலுக்கு வெளியே. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் சமைப்பதும் சாப்பிடுவதும் சட்டப்படியே கூடாது. எண்ணெயும் மஞ்சளும் கறை, புளியும் எலுமிச்சையும் அமிலம். அமிலம் பட்டால் சுண்ணச்சாந்து கரையும். சிந்திய பருக்கைக்கு எறும்பும் நாயும் வரும். செஞ்சிக் கோட்டைப் பக்கம் போனால் குரங்கும் வரும். குரங்கு வந்தால் அதை விரட்டக் கல்லெறிவார்கள், அந்தக் கல் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. குப்பைக்கு இரண்டு சாக்கு கொண்டுபோய், நிறைந்ததோடு திரும்பி வாருங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் உள்ளே நுழையும் முன் கழிப்பறை நிறுத்தம் கட்டாயம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கோட்டை மதிலின் பின்பக்கமும் குகையின் ஓரமும் சிறுநீர் கழிக்கும் இடமாவது, வழியில் நிறுத்தாமல் கூட்டிவந்ததால்தான். சிறுநீரின் உப்புகளும் கடல் உப்பு செய்யும் அதே வேலையைச் செய்கின்றன.

பஸ்ஸில் 5 நிமிடம்

கோவளம் தாண்டியதும் பேசுங்கள். கிளம்பும்போது சொன்னால் மறந்துவிடும், இறங்கும்போது சொன்னால் காதில் விழாது. பட்டியல் வாசிக்க வேண்டாம், ஒன்றைச் செய்துகாட்டுங்கள். இடிக்கிற பழைய வீட்டிலிருந்து சுண்ணச்சாந்துத் துண்டு ஒன்று வாங்கி வந்து, நகத்தால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு விழும். "செஞ்சியிலயும் காஞ்சிபுரத்துலயும் சுவர் மேல பூசியிருக்கிறது இதேதான். கருங்கல்லு இதைவிடக் கெட்டி, ஆனா அதுல விழுற கீறல் நம்ம பேரப்பிள்ளை காலத்துலயும் போகாது" என்று சொன்னால் புரியும். கருங்கல்லின் மேல்தோல் நூற்றாண்டுகளாக வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறியிருக்கிறது. கீறினால் உள்ளே இருக்கும் வெளிர்நிறக் கல் தெரியும். அந்த இடம் மீண்டும் நிறம் கூட நமக்குத் தெரிந்த கால அளவு போதாது.

தொடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். கீறல் தவறு என்று எல்லோருக்கும் தெரியும், தொடுவது தவறு என்று பலருக்குத் தெரியாது. கையில் வியர்வையின் உப்பு, தோலின் எண்ணெய், முந்திய வேளை சாப்பாட்டின் பிசுக்கு மூன்றும் இருக்கின்றன. ஒரு கை ஒன்றும் செய்யாது. நாளெல்லாம் ஒரே யானையின் தும்பிக்கையைத் தடவும் ஆயிரம் கைகள் அந்த இடத்தைக் கருத்துப் பளபளக்க வைத்து, உளி வரைந்த நுண்கோடுகளைத் தேய்க்கும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள். குகைக்குள் ஒரு நேரத்தில் ஒரு குழு, 7 நிமிடம். மற்ற மூன்று குழுக்களும் வெளியே வேறு வேலையில் இருக்க வேண்டும். வரிசையில் நின்று காத்திருக்க விட்டீர்களானால் கை சுவரைத் தேடும்.

தேடல் தாள்

முழுத் திட்டத்திலும் அதிகப் பலன் தருவது இதுதான், தயாரிக்க அரை மணி நேரம் போதும். ஒரு தாளில் எட்டுக் கேள்விகள். பதில் எழுதப் பென்சிலும் அட்டையும் பிடித்திருக்கும் பிள்ளைக்குத் தொடக் கை மிச்சமில்லை.

அர்ச்சுனன் தபசுக்கு: முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தவம் செய்யும் பூனை எங்கே? அதை நம்பி வந்த எலிகள் எத்தனை? பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் எந்தப் பக்கம்? பாறையின் நடுவே இருக்கும் பிளவில் கைகூப்பி மேலே வருபவர்கள் யார்? கிருஷ்ண மண்டபத்துக்கு: பால் கறக்கும்போது பசு என்ன செய்கிறது? வரைந்து காட்டு.

ஐந்து ரதங்களுக்கு ஒரு கேள்வி போதும்: நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் யானையை ஏன் செதுக்கினார்கள்? அந்த ரதத்தின் கூரை பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம், அதாவது தூங்கும் யானையின் முதுகு போன்ற அமைப்பு. பத்தடி தள்ளி, யானையின் முதுகும் கூரையின் முதுகும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நின்றால்தான் இது பிடிபடும். பெயரையே உருவமாக்கிப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான் சிற்பி என்று தோன்றும். மேலே ஏறி உட்கார்ந்தவருக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. நல்ல கேள்வி, நிற்க வேண்டிய இடத்தைத் தானே தீர்மானித்துவிடும், கயிறு கட்ட வேண்டியதில்லை.

வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் இப்படி ஒரு வேலை கொடுங்கள். அந்தச் சரிவில் சறுக்கி விளையாடிச் சறுக்கியே பாறை வழவழத்துவிட்டது. உருண்டையின் உயரத்தைத் தொடாமல் அளக்கச் சொல்லுங்கள்: தெரிந்த உயரமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து, அவர் எத்தனை மடங்கு என்று எண்ணலாம். சுமார் 6 மீட்டர் வரும்.

கல்வெட்டைப் படிக்க மாவும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம்

அலட்சியமான பயணிகளைவிட ஆர்வமுள்ளவர்கள் கேடு செய்யும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, கோலமாவு பூசுவது, தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எல்லாமே பழகிப்போயிருக்கின்றன. சாக்பீஸ் தூள் எழுத்தின் குழிக்குள் தங்கி ஈரத்தில் இறுகும். அதை எடுக்கத் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள், அப்போது எழுத்தின் விளிம்பு மழுங்கும். அரிசிமாவில் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக் கருப்பாகும்.

இதெல்லாம் தேவையே இல்லை, பக்கவாட்டு வெளிச்சம் போதும். எழுத்துக்கு நேராக டார்ச் அடித்தால் குழியும் மேடும் ஒன்றாகத் தெரியும். போன் டார்ச்சை எழுத்துக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் பக்கவாட்டில், சுவரோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல 10 அல்லது 15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் நேராக நின்று படம் எடுக்க, இன்னொருவர் வெளிச்சம் பிடிக்க. இடது, வலது, மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். கிடைக்கோடுகள் மேலிருந்து வரும் வெளிச்சத்திலும் செங்குத்துக் கோடுகள் பக்க வெளிச்சத்திலும் துலங்கும், ஒரே படத்தில் இரண்டும் கிடைக்காது. எதிர்வெயில் கண்ணைக் கூசினால் குடையை விரித்து நிழல் கட்டிக்கொண்டு டார்ச் அடியுங்கள். குடைக்கம்பி சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தர்மராஜ ரதத்தில் இருக்கும் பல்லவ அரசனின் பட்டப்பெயர்கள், மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் சாளுவன்குப்பம் அதிரணசண்ட மண்டபத்தில் கிரந்த எழுத்திலும் நாகரி எழுத்திலும் எதிரெதிரே வெட்டிய சுலோகங்கள், உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தகன் காலத்துக் குடவோலை முறைக் கல்வெட்டு எல்லாவற்றையும் இந்த முறையிலேயே படம் எடுக்கலாம். ஈரத்தாளைக் கல்வெட்டில் ஒற்றி மை தட்டி நகலெடுக்கும் மைப்படி, தொல்லியல் துறையின் அனுமதி பெற்றவர்கள் மட்டும் செய்யும் வேலை. தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதும் வேண்டாம், அழுத்தத்தில் பொருக்கு உதிரும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளின் பலகைகளுக்கும் இதே விதிதான்.

காஞ்சிபுரம்: கல் வேறு, விதியும் வேறு

கைலாசநாதர் கோயிலை மாமல்லபுரம் போல நினைத்து அழைத்துப் போகக் கூடாது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல்லில் விரலை வைத்து இழுத்தால் துகள் விரலோடு வரும். அதன்மேல் சுண்ணச்சுதை, சில சிற்றாலயங்களில் அதற்கும் மேலே பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்கள். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அந்தச் சிற்றாலயங்கள் ஓர் ஆள் குனிந்து உட்காரும் அளவில் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடத் தோன்றும். ஓவியம் இருக்கும் மாடத்துக்குள் ஒருவர்கூட நுழையக் கூடாது, ஒரு கை தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும், ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. மூச்சின் ஈரமும் சாயும் தோளும்தான் அங்கே பெரிய ஆபத்து. கருவறையைச் சுற்றும் குறுகிய பாதையில் தவழ்ந்து போவது வழிபாட்டு வழக்கம். போகிறவர்கள் ஒவ்வொருவராக, தலையில் எண்ணெய் இல்லாமல், பையில்லாமல் போகட்டும். மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

செங்கல் கட்டுமானத்தில் வேறு வகைத் தவறு நடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் அகழ்ந்து வெளிப்படுத்திய முருகன் கோயிலின் செங்கல் சுவர்கள் முழங்கால் உயரத்தில் நிற்பதால், அவற்றின் மேல் நடந்து படம் எடுக்கத் தோன்றும். ஓரச் செங்கல் ஒன்று ஆடிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், அடுத்த மழைக்காலத்தில் வரிசையே சரியும். அங்கேயும் சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை கோட்டைகளிலும் கிடக்கும் பானை ஓட்டையும் செங்கல் துண்டையும் எடுத்து வராதீர்கள். ஓடு கிடந்த இடம்தான் அதன் விலாசம், இடம் மாறினால் ஆய்வாளருக்கு அது வெறும் ஓடு.

பக்தியில் செய்வது

வழிபாடில்லாத சின்னத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம், விபூதி குங்குமம் பூச வேண்டாம். புகை படிந்தால் எடுப்பது கடினம். வீடு கட்ட வேண்டிக்கொண்டு கல்மேல் கல் அடுக்குபவர்கள் சுற்றிலும் கிடக்கும் துண்டுகளைத்தான் எடுக்கிறார்கள். அதில் உடைந்த சிற்பத்தின் பாகமும் இருக்கும். பரீட்சை எண்ணைக் கோயில் சுவரில் எழுதும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு சீட்டில் எழுதி அர்ச்சனைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், வேண்டுதலும் நிற்கும் சுவரும் நிற்கும்.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முக்காலியும் விளக்குத் தாங்கியும் வைக்கத் துறையின் முன் அனுமதி வேண்டும், டிரோனுக்கும் அப்படியே. வண்ணப்புகைக் குச்சியைச் சின்னத்தின் அருகில் கொளுத்தவே கூடாது. அதன் சாயத்தூள் கல்லின் துளைக்குள் போய்த் தங்கும்.

வேறொருவர் கீறுவதைப் பார்த்தால்

நெருங்கிப் போய், குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். சின்னப் பையன் என்றால் "தம்பி, அந்தச் சாவியைக் குடு, இந்தப் பூனையைப் பாத்தியா?" என்று கவனத்தை வேறு பக்கம் திருப்பினாலே போதும். மேலே ஏறி நிற்பவரிடம் "அண்ணே, இறங்கிடுங்க, கல்லு பொருக்கு விடுது, வழுக்கிடும்" என்று அவருடைய பாதுகாப்பையும் சேர்த்துச் சொன்னால் முகம் கோணாமல் இறங்குவார். கேட்காவிட்டால் வாதம் வேண்டாம், காவலரைக் கூப்பிடுங்கள். தகராறாக மாறினால் 112. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் சுற்ற விடாதீர்கள்.

பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சின்னத்தின் வாசலில் இருக்கும் பழைய நீலப் பலகையில் 3 மாதம், 5000 ரூபாய் என்று எழுதியிருந்தால் அது 2010 திருத்தத்துக்கு முந்தைய தண்டனை.

ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயரை நீங்களே அழிக்கப் போகாதீர்கள். நல்ல எண்ணத்தோடு தன்னார்வலர்கள் செய்யும் இந்த வேலை பல சமயம் எழுத்தைவிடப் பெரிய காயத்தை விட்டுப்போகிறது. கம்பி பிரஷ்ஷின் இரும்புத் துகள் கல்லில் சிக்கித் துருப்பிடிக்கும். டாய்லெட் ஆசிட் சுண்ணத்தைக் கரைக்கும், கருங்கல்லில் பழுப்புக் கறை விடும். தின்னர் ஊற்றினால் மார்க்கர் மை கரைந்து ஆழமாக இறங்கும். சுண்ணாம்பு அடித்து மறைத்தால் அடியில் என்ன இருந்தது என்றே தெரியாமல் போகும்.

அதற்குப் பதிலாகப் பதிவு செய்யுங்கள். மூன்று படங்கள்: முழுச் சின்னமும் தெரிய ஒன்று, சேதம் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் என்று தெரிய ஒன்று, மிக அருகில் ஒன்று. அருகில் எடுக்கும் படத்தில் அளவுக்கு 10 ரூபாய் நாணயத்தைக் கையில் பிடித்துக் காட்டுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். கல்லில் ஒட்ட வேண்டாம், ஒரு விரற்கடை தள்ளியே இருக்கட்டும். தேதி, நேரம், சின்னத்தின் பெயர், திசை, சேதத்தின் வகை, புதிதா பழையதா என்ற உங்கள் கணிப்பு ஆகியவற்றை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். புதிய கீறலின் அடியில் கல்தூள் இருக்கும், நிறம் வெளுத்திருக்கும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பல புகார்கள் வழிதவறுகின்றன. வாசலில் இருக்கும் பலகையைப் பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறை என்றிருந்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் சென்னை வட்ட அலுவலகம். மாநிலத் தொல்லியல் துறை என்றிருந்தால் எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகம். இரண்டு பலகையும் இல்லாமல் உண்டியலும் செயல் அலுவலரும் இருந்தால் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அலுவலகம். அனுப்பிய நாளையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி "எனது இன்ன தேதி மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலை அந்த மூன்று படங்களோடு சேர்த்து வைத்திருந்தால், அடுத்த ஆண்டு அதே சுவருக்குப் போகும்போது கீறல் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.